நிலவழகனுக்குக் கிடைத்த வேலை

ரிசல்ட் வந்த நாளிலிருந்து கீரனூர் பிரகதீஸ்வரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுகிறாள். பின்னே என்ன செய்வாள்? அரசு வேலைக்கான பரீட்சையில் அவள் புருஷன் நிலவழகன் தேறிவிட்டான். கூடவே எழுதி அவனைவிட இருபது மார்க் கூடுதலாக வாங்கிய அவள் தேறவில்லை.

அவன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிட்டது. வயதிலும் அவனுக்குத் தளர்வு உண்டு. அவளுக்கு இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிந்தது, இனி எழுதவே முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவனை எழுத வைத்தவளே அவள்தான். போன கோடையில் ஒரு நகைக்கடையில் கதவு திறந்துவிடும் வேலைக்குக் கூப்பிட்டு, பட்டாளத்து மெடல்களைக் குத்திக்கொண்டு வரச் சொன்னார்களாம். திரும்பி வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாளே அவள் அவனை இ-சேவை மையத்துக்கு இழுத்துப் போய்த் தன்னோடு அவனுக்கும் விண்ணப்பம் போட்டாள். கோச்சிங் போகிற பஸ்ஸில் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒனக்கென்னடி கொறச்சல்? வேலை ஒன் வீட்டுக்குத்தான வந்துருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி, லட்டை வாயில் போட்டுக்கொண்டு. நல்லா இருக்கே நியாயம்! அவன் சாப்பிட்டால் இவள் பசி அடங்கிவிடுமா?

"நான் வேணாம்னு எழுதிக் குடுத்துர்றேன் ஈஸ்வரி" என்றான் நிலவழகன்.

"குடுத்தா எனக்கா வரும்? இன்னொரு பட்டாளத்துக்காரருக்குப் போகும். பனியில நின்னு காது மரத்தவரு நீங்க, ஒங்களுக்கு வேலை வேணாம்னா சொல்றேன்? நீங்க அங்கிட்டு நின்னப்ப, இங்கிட்டு ரெண்டு புள்ளைகளையும் படுத்த படுக்கையா கெடந்த ஒங்கப்பாவையும் யாருங்க பாத்தா? அதுக்கு என்ன ஒதுக்கீடு வச்சிருக்காங்க?"

கொட்டித் தீர்த்தும் அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

சான்றிதழ் சரிபார்க்கப் புதுக்கோட்டைக்குக் கூப்பிட்டார்கள். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறதென்று அவனுக்கு என்றைக்குத் தெரிந்தது? அவள்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"மிஸஸ் என்ன பண்றாங்க சார்?"

"வீட்லதான் சும்மா இருக்காங்க." பழக்கதோஷத்தில் வந்துவிட்டது அவனுக்கு. எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிரகதீஸ்வரிக்கு உச்சந்தலைவரை சுரீரென்று ஏறியது.

"வேலையை நீங்களே வச்சுக்கங்க. நான் சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க!"

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலவழகன் முகம் செத்துப்போனது. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான்.

"சார், அதை அடிச்சிருங்க. என்னையவிட மார்க் கூட வாங்குனவங்கன்னு எழுதுங்க."

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்கு இதுல எடம் இல்லீங்களே சார்."

பிரகதீஸ்வரி ஃபைலை அவன் கையில் திணித்துவிட்டு, கீரனூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.