ஆள் இருந்தால் எரியும் விளக்கு

கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஓட்டை அக்கா'. கதவு ஜன்னல்களை அடைத்து, காற்று கசியும் ஓட்டைகளைத் தேடுவதுதான் அவர் வேலையில் பாதி. மின் நிறுவனத்தில் ஆய்வாளர். குறைந்த மின்சாரத்தில் இயங்கும்படி கட்டப்படும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நிறுவனம் ஊக்கத்தொகை தரும். கட்டி முடித்ததும் ஒரு பகுதி, ஓராண்டு கழித்துச் சரிபார்த்தபின் மீதி. இரண்டுக்கும் அவர் கையெழுத்து வேண்டும்.

முதல் ஆய்வின்போது கட்டடங்கள் காலியாக இருக்கும். கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து மதியம் சாப்பிடுவார். வீட்டிலும் தனிச் சாப்பாடுதான். அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தார். விசேஷம் என்றால் போன் வரும்.

அந்த ஐந்து மாடி அலுவலகத்துக்கு அவர் ஓராண்டு ஆய்வுக்குப் போனபோது மேலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், எல்லா மாடியும் சூப்பர். மேல ஒரே ஒரு ரூம்தான் மானத்தை வாங்குது. லைட்டு அணையவே மாட்டேங்குது. யாரோ சென்சார்ல டேப் ஒட்டியிருக்காங்களாம். யாருன்னு மட்டும் தெரியட்டும், சீட்டைக் கிழிச்சிடறேன்."

"நான் பார்த்துட்டு வரேன். நீங்க வர வேண்டாம்" என்றார் ஆய்வாளர்.

அறையில் ஒரு பெண், காதில் ஹெட்போனுடன், ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஏறக்குறைய ஆய்வாளரின் வயது. கதவுக்கு மேல், ஆள் அசைந்தால் விளக்கைப் போடும் சென்சார்; விளக்கை அணையாமல் வைக்கும் அதன் பொத்தானை அமுக்கியபடி கறுப்பு டேப்.

"நான்தாங்க ஒட்டினேன்" என்றார், கேட்பதற்கு முன்பே. "மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த வேலை போச்சுன்னா இந்த வயசுல வேற கிடைக்காது."

"ஏன் ஒட்டினீங்க?"

"உட்கார்ந்து பாருங்க, தெரியும்."

ஆய்வாளர் டேப்பைப் பிரித்துவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டச்சுக்காரர் ஜன்னலோரம் நின்றார். சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது.

"எனக்கு விரல் மட்டும்தானே அசையுது. பத்து வரி அடிக்கிறதுக்குள்ள இருட்டிடும். உடனே கையை ஆட்டணும். எதிர் கட்டடத்துல பார்க்கிறவங்க, பஸ்ஸை நிறுத்துறேன்னு நினைச்சிருப்பாங்க."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் விளக்கைப் போட அசையவில்லை.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"யாருமில்லீங்க. ஆனா அங்க ஸ்விட்ச் இருக்கு. இங்க நான் இருக்கேன்னு லைட்டுக்கே தெரியல."

போன வருடம் இந்த அறைக்குக் கையெழுத்திட்டது ஆய்வாளர்தான். கதவைத் திறந்து நடந்தார், விளக்கு எரிந்தது, வெளியேறினார், அணைந்தது. காலி அறையில் உட்கார்ந்து பார்க்க நாற்காலிகூட இருக்கவில்லை.

கீழே போய் மேலாளரிடம் சொன்னார். "சென்சாரைத் தப்பான இடத்துல மாட்டியிருக்காங்க. அதை அன்னைக்குச் சரின்னு சொன்னது என் தப்பு. நாற்காலிக்கு நேர் மேல மாத்துங்க. அதுவரைக்கும் மீதித் தொகை வராது."

"போயும் போயும் ஒரு ரூமுக்காகவா? அப்ப டேப்?"

"டேப் இல்லன்னா அங்க வேலை செய்ய முடியாது. அவங்க மேல கை வச்சீங்கன்னா அதையும் எழுதுவேன்."

மேலாளர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

மறு ஆய்வுக்கு அழைப்பு வந்த அன்று ஆய்வாளர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். டப்பாவில் இரண்டு பேருக்குச் சாப்பாடு இருந்தது.

அறையில் மேஜையும் நாற்காலியும் மட்டும் இருந்தன.

"அவங்க?" என்று கூட வந்த மேலாளரிடம் கேட்டார்.

"வேலையை விட்டெல்லாம் எடுக்கல மேடம், நீங்க சொன்ன மாதிரியே. வீட்லேர்ந்தே அடிச்சு அனுப்பச் சொல்லிட்டோம். ஒத்தை ஆளுக்கு ஒரு லைட்டு, ஒரு ஏசி, எதுக்குத் தண்டமா? நீங்க செக் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மேலாளர் கீழே போய்விட்டார்.

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலி மேஜையில், தட்டச்சு செய்வதுபோல விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். விளக்கு அணையவில்லை. தேவைக்கு மேலும் சிறிது நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபடி நின்றார். ஆள் போனபின் அணைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அணைந்தது. கையெழுத்திட்டார்.