அஞ்சலையின் முன்பற்கள்

சாலை திறந்துவிட்டது என்று தெரிந்தும், திறக்கவில்லை என்று என் மனைவி அஞ்சலையிடம் பொய் சொன்னேன். அதனால் அவளுக்கு மூன்று முன்பற்கள் போயின. கூடப்பிறந்தவனின் உறவும் போனது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தேன். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளியும் இல்லை. ஆசிரியர்கள் நாங்கள் பகலெல்லாம் சீட்டாடினோம். வெட்டிய மரத்தின் பச்சை வாசனை, லாரி ஓடாத சாலையில் பிள்ளைகளின் கில்லி ஆட்டம், மலையிலிருந்து இறங்கும் காற்று. அந்த நாட்களை இன்றும் ஆசையாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் அஞ்சலைக்கு மேல் முன்பல்லில் சீழ்க்கட்டி (பல்லின் வேர்நுனியில் கிருமி புகுந்து சீழ் சேர்வது) வந்தது. வீக்கம் மூக்குவரை ஏறியது.

"ரோடு வுட்டுட்டாங்களாங்க?" என்று படுத்தபடியே கேட்டாள்.

அன்று காலையே சின்னசேலம் பஸ் போயிருந்தது. எங்கள் வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் அவளுக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தேன். "இன்னும் இல்ல" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் சேலத்துக்கு அழைத்துப் போனேன். சீழ் பரவியிருந்த மூன்று பற்களையும் பிடுங்கிய மருத்துவர், "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார்.

"எந்தம்பியும் அவன் கூட்டாளிங்களும் மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. எப்பிடிங்க வர்றது?" என்றாள் அவள்.

நான் சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பி ஏழுமலை, வடக்கனந்தலில் விவசாயம் செய்பவன். அடுத்த பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு வந்தான். "இன்னாக்கா, மரத்த வெட்டுனதுக்கு என்னையும் வெட்டி வுட்டுடுவியா?" என்று வாசலில் நின்று கேட்டான். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் வரவில்லை.

அவளுக்குக் கழற்றி மாட்டும் பல்செட் வைத்தார்கள். சிரித்தால் நழுவும். ஒரு காலத்தில் தெருமுனைவரை கேட்ட சிரிப்பு அவளுடையது. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் டைட்டானியம் வேர்; அதன்மேல் பல் பொருத்துவார்கள்) வைக்கக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனைக் காட்டி மருத்துவர் சொன்னார்: "பல் இல்லாத எடத்துல எலும்பு கரைஞ்சிடும் சார். அம்மாவுக்கு ரொம்பவே கம்மியா இருக்கு." முதலில் எலும்பு ஒட்டு (கரைந்த இடத்தை எலும்புத் துகளால் நிரப்புவது), அப்புறம்தான் வேர்.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: பயந்த அளவுக்கு வலி இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். காத்திருப்பதுதான் கடினம். உலோகத்தை எலும்பு பற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களில் ஒருநாள், குழைந்த சோற்றைப் பிசைந்தபடி அஞ்சலை சொன்னாள்: "பல்லு வந்ததும் ஏழுமல மூஞ்சிக்கு நேரா ஒரு வாட்டி சிரிக்கணும். நீ பறிச்சத நான் வாங்கிட்டேன்டான்னு."

அப்போது சொல்லிவிட்டேன். பஸ் போனது, நான் பார்த்தது, எல்லாவற்றையும்.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சீட்டா ஆடிக்கினு இருந்தீங்க?" என்றாள். மறுநாள் காலை தனியாக வடக்கனந்தலுக்குப் பஸ் ஏறினாள். பல்செட் கண்ணாடிக் கிண்ணத்தில் அப்படியே கிடந்தது.

மாலையில் ஏழுமலை போன் செய்தான். "மாமா, அக்கா இங்கதான் கீது. மொதல்ல அழுதுச்சு. இப்ப பொக்க வாயோட சிரிச்சிக்கினு கீது, கேளுங்க" என்றான். கேட்டது.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். புதுப் பற்கள் நன்றாகப் பொருந்தின. நழுவுவதில்லை.

இப்போது ஏழுமலை அடிக்கடி வருகிறான். அந்தப் பழைய சிரிப்பு தெருமுனைவரை வருகிறது. நான் உள்ளே நுழைந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடுகிறது. அதனால் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்று கேட்கிறேன்.