கவ்வாத்து வெட்டிய மலையும் அம்மாவின் முதுகும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர்மலையில் தேயிலைச் செடிகளையெல்லாம் கவ்வாத்து வெட்டி மொட்டைக் குச்சியாக்கிய வாரத்தில்தான் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட். தலையில் நிறைகுடம் இருப்பதுபோல நிமிர்ந்து, பனிக்குள்ளிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்தார்.

கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்ததில் முள்ளந்தண்டில் ஓர் எலும்பு முன்னால் நகர்ந்துவிட்டதாம். டாக்டர் அதையும் அதற்குக் கீழே இருந்த எலும்பையும் ஸ்குரூவும் கம்பியும் போட்டு இறுக்கியிருந்தார். இரண்டும் ஒன்றாக வளர்ந்து ஒட்ட வேண்டும் என்று இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பெடுத்து நடுவே வைத்திருந்தார். ஒட்டும்வரை குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அந்தப் பாரத்தில் நானும் சேர்த்தி என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் கடைக்குட்டி. ஐந்து வயதாகியும் அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காதவள். லயத்தில் எனக்குப் பெயரே ஒட்டுப்புல்தான். அம்மா வந்த அன்றே “தூக்கும்மா” என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். ஐயோ, வீடே பதறிவிட்டது! அப்பா என்னை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“அந்தா பாரு புள்ள, கவ்வாத்து வெட்டுன மலை. இப்ப யாராச்சும் அதுல கொழுந்தெடுக்கப் போவாங்களா? துளிரு வரட்டும். அம்மா முதுகும் அப்புடித்தான்.”

அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்த மலைக்கு நான்தான் காவல்காரி. விடிந்து பனி விலகியதும் போய்ப் பார்ப்பேன். குச்சிதான் நிற்கும். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து லயத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தேர் திரும்புவதுபோல முழு உடம்போடும் திரும்புவார். எனக்கு அது அத்தனை அழகாக இருந்தது. பனி இறங்கினால் மலையும் அம்மாவும் சேர்ந்தே மறைந்துபோவார்கள். அம்மாவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது நினைத்தால் அந்த மாதங்கள் முழுக்கப் பனியாகவே இருந்த மாதிரித் தோன்றுகிறது.

ஒரு நாள் வெயிலடித்தது. குச்சியெல்லாம் இளம்பச்சையாகத் துளிர்த்திருந்தது. கைநிறையப் பறித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

“அம்மா, துளிரு வந்துருச்சு! தூக்கும்மா!”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றியிருந்தார். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

“அடியாத்தி! இம்புட்டு வளந்துட்டியேடி! இவ்வளவு பெரிய புள்ளைய யாராச்சும் தூக்குவாங்களா? வா, கையப் புடிச்சுக்க. நடந்து போவோம்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வளர்ந்துவிட்டேன்! எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்பா மட்டும் ஏனோ எங்களோடு வராமல் உள்ளே போய்விட்டார்.

எலும்பு நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் இனிக் கூடையும் கூடாது, பிள்ளை தூக்குவதும் கூடாது என்று டாக்டர் அதற்கு முந்தின வாரமே சொல்லியனுப்பிவிட்டாராம். அது எனக்குத் தெரிய வர வெகுகாலம் ஆனது. அன்றைக்கு நடந்த தூரம் முழுக்க, என் தலை அம்மாவின் இடுப்பைத் தாண்டிவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.