பட்டியலில் இரண்டாவது பெயர்

கவுன்ட்டரில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பர்சன்ட்'. விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டு, சீட்டைக் கொடுத்து ஆளை உள்ளே அனுப்புகிற வேலை, பதினாறு வருடமாக. இன்றைக்கு யாரை இலவசமாக முதல் வகுப்புக்கு மாற்றுவார்கள், பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று காலையிலேயே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் பலித்துவிடும். கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, 'புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்' என்று வழிகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். முதல் வகுப்பு காலியாகக் கிடந்தால் யாருக்கு என்ன? சாதா வகுப்பில் இருக்கைகளை விட அதிகமாக டிக்கெட் விற்றிருக்க வேண்டும். மிஞ்சியவர்களைத்தான் மேலே ஏற்றுவார்கள், அதிலும் அடிக்கடி பறக்கிற தங்க அட்டைக்காரர்களுக்குத்தான் முதல் உரிமை.

தெரிந்த வித்தையைச் சொந்தக்காரர்களிடம் காட்டாமல் இருக்க யாரால் முடியும்?

அக்கா வீட்டுக்காரர் அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்க இருபது வருடம் ஊர் ஊராகப் பறந்தவர், தங்க அட்டைக்காரர். இப்போது முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷனுக்குப் பதினோரு மணி நேரம் பறக்க வேண்டும், ஆனால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தாலே மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். படுத்துக்கொண்டு போகலாமே என்று அக்கா நகையை விற்று முதல் வகுப்பு டிக்கெட் எடுக்கக் கிளம்பினாள். இவள்தான் தடுத்தாள்.

"எதுக்குக்கா வீணா? எட்டு பேர் கூடுதலா இருக்காங்க. பட்டியல்ல மாமா பேரு ரெண்டாவது. பத்துக்கு எட்டு, கிடைச்சுடும்."

அக்கா நம்பினாள். நகை பீரோவுக்குத் திரும்பிப் போனது.

பயண நாள் மதியம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் வேறு ஊரிலிருந்து வர வேண்டிய விமானம் தாமதமாகி, அதில் வந்த பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று இதைத் தவறவிட்டது. சாதா வகுப்பில் நாலு இருக்கை மிஞ்சியது, அதுவும் மூலைக்கு ஒன்றாக.

"கீழயே இடம் இருக்கே. யாரையும் மாத்த வேண்டாம்" என்றார் மேலதிகாரி.

"சார், எங்க மாமாவுக்கு முதுகு..."

"சொந்தக்காரங்கன்னா சுத்தமா முடியாதும்மா. நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

முதல் வகுப்பில் ஆறு இருக்கை சும்மா பறக்கப் போகிறது. காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்றால் விலை மூன்று மடங்காகியிருந்தது. பதினாறு வருடத்தில் அவள் கணக்கு எத்தனை தடவை தப்பியிருக்கிறது? பந்தயம் கட்டிய காப்பியோடு போயிற்று என்று விட்டிருக்கிறாள். இது மாமாவின் முதுகு.

சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த மாமா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "விடும்மா. பஸ்ல நின்னுக்கிட்டே போனதில்லையா? அந்த மாதிரி போயிடறேன்."

ஊழியர் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். அக்கா மட்டும் கவுன்ட்டரிலேயே நின்றாள். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

"பத்துக்கு எட்டுன்னு நீ சொன்னது நிஜந்தானே? எனக்காகக் கூட்டிச் சொல்லலியே?"

"இல்லக்கா. கணக்கு சரிதான். அந்த ரெண்டுல மாட்டிக்கிட்டோம்."

அக்கா மாமாவின் முதுகுப்பக்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபரேஷனுக்கு டாக்டரும் பத்துக்கு எட்டுன்னுதாண்டி சொன்னாரு. உங்க மாமாகிட்ட இன்னும் சொல்லல. எட்டு போதும்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்."