சுந்தரராஜ் பார்த்த தேனீ வேலை

சார்ஜாவில் இருபத்தாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய சுந்தரராஜுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. வந்த முதல் வாரமே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் போட்டார். இரண்டாவது வாரம் வாஷிங் மெஷின். மூன்றாவது வாரம் ஸ்க்ரூடிரைவரோடு ஃபிரிட்ஜ் பக்கம் போனபோது மனைவி தேவகனி குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா எனக்குத் தந்த நாப்பது சென்ட் சும்மாதானே கெடக்கு? அதுல போயி எதையாவது நடுங்க. செடியக் கழத்திப் பாக்க முடியாதுல்லா."

சுசீந்திரத்துக்குத் தெற்கே, சிவதாணு என்பவரின் வாழைத் தோப்பை ஒட்டி இருந்தது அந்த நிலம். சுந்தரராஜ் பூசணி போட்டார். கொடி நாற்பது சென்டையும் மூடிவிட்டு வரப்பைத் தாண்டிப் போனது. பூவென்றால் அப்படிப் பூ. ஆளுக்கொரு காய் தருவதாகத் தேவகனி தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் இருந்த பிஞ்செல்லாம் மூன்றாம் நாள் மஞ்சளாகிக் கீழே விழுந்தன.

சுந்தரராஜ் தண்ணீரைப் பார்த்தார், சரி. உரத்தைப் பார்த்தார், சரி. மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தார், அதுவும் சரி. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத ஒன்றை அவர் அதுவரை கையில் எடுத்ததில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் ரேஷ்மி என்ற அதிகாரியைக் கூட்டி வந்தார். சின்ன வயசுப் பெண். காலை ஆறரைக்கு வந்து, ஒரு நோட்டோடு வரப்பில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"சார், இவ்வளவு நேரத்துல ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி வந்துது. அதுவும் பூவுல இருக்கல்ல. வழி தவறி வந்திருக்கும்."

"அதனால என்ன?"

"தேனீ ஒண்ணுகூட இல்ல சார். ஆண் பூவுல இருக்க பொடிய பெண் பூவுக்கு யாரு கொண்டு போவா? செடியில ஒரு குறையும் இல்ல. வேலைக்கு ஆள் வரல்ல, அவ்வளவுதான்."

சுந்தரராஜ் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். கிழக்கே வயல் இருந்த இடத்தில் மனைக்கற்கள் மஞ்சளடித்து நின்றன. மேற்கே சிவதாணுவின் வரப்புகள் களைக்கொல்லியில் கருகி, ஒரு தும்பைச் செடிகூட இல்லாமல் மொட்டையாகக் கிடந்தன. பூசணி பூக்காத மாதங்களில் தேனீ குடித்துப் பிழைக்க இங்கே வேறு ஒன்றுமில்லை.

ரேஷ்மி ஓர் ஆண் பூவைப் பறித்தாள். இதழ்களைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவின் உள்ளே மெல்லத் தடவிக் காட்டினாள்.

"இனி நீங்கதான் செய்யணும். காலம்பற ஆறு மணிக்குத் தொடங்கி ஒம்பதுக்குள்ள முடிச்சிருங்க. அதுக்குப் பெறவு பூ மூடிரும்."

சுந்தரராஜ் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். சர்ச் கமிட்டியில் இருக்கிறவர் அல்லவா.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். மறுநாளே பழைய டூல் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏசி ஃபில்டரின் தூசி தட்டுகிற மெல்லிய பிரஷ் பூவுக்கும் சரியாக இருந்தது. முடித்த பூ ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டித் தேதி எழுதினார். எட்டாம் நாள், சீட்டுக் கட்டிய பிஞ்சுகள் உதிராமல் எலுமிச்சை அளவுக்குப் பருத்து நின்றபோது தேவகனியை இழுத்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்ததுபோல அவளும் குனிந்து குனிந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் பூ பூத்தது. அன்றைக்கு அவசர அவசரமாக முடித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடியவரின் மூக்கு நுனியிலும் மீசையிலும் மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

"என்ன அண்ணே, மஞ்சத் தேச்சுக் குளிச்சியளா?" என்று பாடகர் குழுவிலிருந்து ஜெப்சன் கேட்க, முன்வரிசை முழுக்கச் சிரித்தது. போதகர்கூடப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெரிய கூத்து இரணியலில் நடந்தது. அக்கா மகன் ஜெபிஷுக்குக் கல்யாணம். தாய்மாமன் முந்தின நாளே போயாக வேண்டும். பூவுக்கு லீவு சொல்ல முடியாதே. "நீ வயலுக்குப் போ, நான் போனுல சொல்லித் தாரேன். முடிச்சிட்டு முகூர்த்தத்துக்கு வந்திரு" என்று தேவகனியிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை மண்டபத்தில் மைக் செட் கரகரத்தது. சுந்தரராஜால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? தன் போனை அதோடு இணைத்து, ஒரு கீர்த்தனை போட்டுப் பார்த்துச் சரி செய்தார். இணைப்பைத் துண்டிக்க மறந்துபோனார். பந்தியில் இடியாப்பம் பரிமாறிக்கொண்டிருந்த நேரம் தேவகனி கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் அவள் குரல் மண்டபத்தின் நாலு மூலையிலும் முழங்கியது.

"இஞ்ச பாருங்க, ஆம்பளைக்க உடுப்பெல்லாம் கழத்தியாச்சு. இனி என்ன செய்யணும்?"

சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். சுந்தரராஜ் போனில் எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினார். "மெதுவா தடவுனாப் போதுமா? ஆறேழு பேரு வரிசையில நிக்காவ, சீக்கிரம் சொல்லுங்க!" என்றது ஒலிபெருக்கி. பெண்ணின் அப்பா இலையிலிருந்து எழுந்து நின்றார். மாப்பிள்ளை ஜெபிஷ்தான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். பூசணிப் பூ, பூசணிப் பூ என்று சுந்தரராஜ் ஒவ்வொரு மேசையாகப் போய் விளக்கம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் சிரித்தார்கள்.

அந்த மானக்கேடு தாங்காமல் அடுத்த வாரம் மார்த்தாண்டம் பக்கம் போய், தேனீ வளர்க்கும் பெனிஷிடம் ஒரு பெட்டி கேட்டார்.

"பெட்டி தாரேன் அண்ணே. அங்க மருந்து அடிப்பாவளா? அதச் சொல்லுங்க" என்றான் பெனிஷ். அவனுடைய சொந்தத் தோட்டத்திலேயே பாதிப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. சுந்தரராஜ் தெளிவாகப் பதில் சொல்லாமல் பெட்டியை வாங்கி வந்துவிட்டார்.

பத்து நாள் சொர்க்கமாக இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்க, தேனீக்கள் வேலை பார்த்தன. பதினோராம் நாள் காலையில் பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. முந்தின நாள் காலையில் சிவதாணு வாழைக்கு வண்டு மருந்து அடித்திருந்தார்.

சுந்தரராஜ் பெனிஷுக்குப் போன் போட்டார். "மக்கா, மெஷினு கெட்டா பார்ட் மாத்தலாம். இதுக்கு எத மாத்த?" செத்த தேனீக்களை ஒரு செய்தித்தாளில் அள்ளிக்கொண்டு நேராகச் சிவதாணு வீட்டுக்குப் போனார்.

சிவதாணு நிதானமாகப் பார்த்தார். "வாழைக்குத் தேனீயும் வேண்டாம், வண்டும் வேண்டாம் வே. அது தன்னால குலை தள்ளும். எனக்கென்ன நட்டம்?"

சொன்னது சரிதான். பதில் அடுக்களையிலிருந்து வந்தது. சிவதாணுவின் மனைவி முத்துக்கனி கையில் கரண்டியோடு வெளியே வந்து செய்தித்தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்பம் எனக்க பாகல் பந்தல்ல ஒரு காயும் இல்லாததுக்கு இதுதான் காரணமா? நான் கைராசி இல்லாதவளுன்னு ரெண்டு வருஷமா சொல்லுகியளே!"

"ஏட்டி, உள்ள போ."

"நான் எதுக்கு உள்ள போவணும்? இவரு வந்து எனக்க பந்தலப் பாக்கட்டு. அதுவரைக்கும் இந்த வீட்டுல பாகக்காய்த் தீயல் கெடையாது."

சிவதாணு மறு வேளைக்கே இறங்கி வந்தார். அவருக்குப் பாகற்காய்த் தீயல் இல்லாமல் சோறு இறங்காது. மருந்தைப் பூ மூடிய பிறகு சாயங்காலம் மட்டும் அடிப்பது, அடிக்கும் முன் சொல்லி அனுப்புவது, சுந்தரராஜ் பக்கத்து வரப்பில் களைக்கொல்லி அடிக்காமல் விடுவது என்று பேசி முடிந்தது. மூன்றாவதை மட்டும் அவர் இரண்டு தடவை மீறினார். இரண்டு தடவையும் முத்துக்கனி கண்டுபிடித்தாள்.

பெனிஷ் இன்னொரு பெட்டி தந்தான். மழை முடிந்ததும் அந்த வரப்பில் தும்பை தலைகாட்டியது. தேனீக்கள் தங்கின. அவை சுறுசுறுப்பாக இருந்த வருஷம் சுந்தரராஜ் வாக்குப்படி தெரு முழுக்கப் பூசணி கொடுத்தார். வாங்கியவர்கள் அடுத்த மாதம் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போனார்கள். எத்தனை நாளைக்குத்தான் பூசணியில் எரிசேரியே வைப்பது?

ஆனால் ஒரு பெட்டித் தேனீயால் ஊரையே சுமக்க முடியாது. கிழக்கே மனைக்கற்கள் நின்ற இடத்தில் வீடுகள் வந்தன. மொட்டை மாடியில் பாகலும் வெள்ளரியும் போட்டவர்கள் பூவை மட்டும் போட்டோ எடுத்து சுந்தரராஜுக்கு அனுப்பினார்கள், காய் ஏன் இல்லை என்று கேட்டு. முதலில் முத்துக்கனி அவர் நம்பரை ஒருத்திக்குக் கொடுத்தாள், அவள் நாலு பேருக்குக் கொடுத்தாள். இப்போது காலை ஆறு மணிக்கு டூல் பெல்ட்டும் பிரஷுமாக ஸ்கூட்டரில் கிளம்பினால் சுந்தரராஜ் வீடு திரும்ப மணி ஒன்பதரை ஆகிறது. அதற்குள் யாராவது போன் செய்தால் தேவகனி எடுத்து, குரலில் ஒரு பெருமையோடு சொல்கிறாள்:

"அவிய வெள்ளரிக்காய் வீட்டுக்குப் போயிருக்காவ. உங்களுக்கு என்ன பூ?"