மூன்று வளாகங்களும் மதினியின் அடுப்பும்

போர்ட் கொச்சிக்குப் படகில்தான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாலம் வழியாகப் பேருந்தும் போகிறது, ஆட்டோவும் போகிறது. போகட்டும். எர்ணாகுளம் படகுத்துறையில் ஆறு ரூபாய்க்குச் சீட்டு வாங்கி, ஓரமாக உட்கார்ந்து, கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிற சுகத்தை நான் விடுவதாக இல்லை. தென்காசியிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்த அலுப்பு அந்தக் காற்றிலேயே பாதி இறங்கிவிட்டது.

இந்த முறை ஊர் சுற்ற வரவில்லை. சீன வலையும் அரண்மனையும் ஏற்கெனவே பார்த்து எழுதியாயிற்று. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களை ஒரே நாளில் பார்க்கப் போகிறேன், அதுவும் சோற்றுப் பானையோடு. காரணம் என் மதினி செண்பகம். பெரியப்பா மகன் முருகையா அண்ணனின் மனைவி. இரண்டு நாள் முன்னால் போனில் கூப்பிட்டு, "ஏட்டி, புதன்கிழமை எனக்குப் பரீச்சை. கூட வந்து நில்லு" என்றாள். அவள் எதற்கும் யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. அதனால் கிளம்பி வந்துவிட்டேன்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு கிடங்கின் மாடியில் அவர்கள் வீடு. படகுத்துறையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். படியேறும்போதே தாளித்த வாசனை வந்தது. மதினி அடுப்படியில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். முன்னால் இருந்த பாத்திரம் அவள் வீட்டில் நான் பார்த்ததிலேயே சின்னது.

"நக்கிப் பாரு" என்று கரண்டியை நீட்டினாள்.

சாம்பார் உப்புக் கரித்தது.

"ரெண்டாவது வாட்டியும் இப்பிடித்தான் வருது. ஏழு பேருக்கு எனக்குக் கைக்கணக்கு வரலட்டி."

விஷயம் இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டட வேலையில் அண்ணன் ஆரம்பத்திலிருந்தே கம்பி கட்டும் மேஸ்திரி. ஒரு வளாகத்தில் வேலை தொடங்கும் அன்றைக்கே ஒரு தகரக் கொட்டகை எழும்பும். அதில் மதினி வேலையாட்களுக்குச் சமைப்பாள். கட்டடம் முடிந்து சுவருக்கு வெள்ளை அடித்ததும் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். உள்ளே கேண்டீன் திறப்பார்கள், அதை வேறு யாராவது நடத்துவார்கள். இரண்டு வளாகங்களில் இப்படியே நடந்தது. இரண்டாவது வளாகத்தில் கேண்டீன் கேட்டுப் பார்த்தாள். நிறுவனத்துக்குள் கேண்டீன் நடத்திய அனுபவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாசலிலேயே நான்கு வருஷம் பொங்கிப் போட்டவளுக்கு அனுபவம் இல்லையாம். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது வளாகத்திலும் போன மாதம் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் இங்கே புதிதாக ஒரு கேண்டீன் கமிட்டி வந்திருக்கிறது. ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் என்று ஏழு பேர். கேட்டவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு மதியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவர வேண்டும், ருசி பார்த்து முடிவு சொல்கிறோம் என்றார்கள். அதுதான் புதன்கிழமைப் பரீட்சை.

மறுநாள் காலை கண் விழித்தபோது அடுப்படியில் கல்யாணக் களை. பெரிய அண்டாவில் மட்டை அரிசிச் சோறு வெந்துகொண்டிருந்தது. சாம்பார், பயறுத் தோரன், குடம்புளி போட்ட அயிலை மீன் கறி, எல்லாம் குண்டானில்.

"எத்தனை பேருக்கு மதினி?"

"அறுவது. அதுதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு. தோத்தாலும் என் உப்புல தோத்துட்டுப் போறேன்."

நான் பானைகளுக்கு மூடி தேடப் போனேன்.

ஒன்பது மணிக்கு, வண்டி வருவதற்குள், முதல் வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பழைய கிடங்கு. பல்கலைக்கழகம் முதன்முதலில் அதை வாடகைக்குப் பிடித்துத்தான் கடல் வணிகப் படிப்பைத் தொடங்கியது. தடிச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள், மர மாடியை வாசகசாலை ஆக்கினார்கள். வெயில் ஏறினால் இன்னமும் தரையிலிருந்து சுக்கு வாசனை வருகிறது. பின்வாசல் நேராகக் காயலில் இறங்குகிறது. கடல் பொங்கி ஏறும் வேலியேற்றத்தன்று முற்றத்தில் தண்ணீர் வந்துவிடும் என்றும், அன்றைக்குப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள் என்றும் காவலாளி சொன்னார். நெருக்கடியான இடம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது பேருக்கு மேல் சேர்க்க முடியாமல்தான் அடுத்த இடம் தேடினார்களாம்.

வண்டிக்காரர் அனில் சேட்டன் பானைகளை ஏற்றும்போது ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார்.

"சேச்சி, ஏழு ஆளுக்கல்லே சொன்னது? இது பெருநாள் போலே உண்டல்லோ."

"நீங்க உங்க வண்டியப் பாருங்க சேட்டா. சாம்பார் சிந்தக் கூடாது, கேட்டோ" என்றாள் மதினி. அவளுடைய திருநெல்வேலிப் பேச்சில் கொச்சி இப்படி வந்து வந்து போகும்.

தோப்பும்படி, பாலம், வெலிங்டன் தீவு, மறுபடியும் பாலம். ஏழெட்டுக் கிலோமீட்டரில் தேவரா. இரண்டாவது வளாகம் இங்கே. காயலோரச் சதுப்பைத் தூர்த்துக் கட்டியது. கப்பல் பொறியியல் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இங்கே வந்தன. தளம் இறங்காமல் நிற்க, சேற்றுக்குள் ஆழமாகத் தூண் இறக்க வேண்டியிருந்தது. அந்த வேலை மட்டுமே ஒரு வருஷத்தைத் தின்றது என்று அண்ணன் சொல்வான். கட்டடத்தின் பாதி மண்ணுக்குள்ளேதான் இருக்கிறதாம்.

"வாங்க மதினி, உள்ளே போய் ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்" என்றேன்.

"நீ போயிட்டு வா."

"ஏன், கால் வலியா?"

"கொட்டாயப் பிரிச்ச அன்னைக்கு வெளிய வந்தவ. அதுக்கப்புறம் உள்ள போவல." வண்டியை விட்டு இறங்காமல், கேட்டுக்கு இடப்பக்கம் இருந்த செம்பருத்தி வரிசையைக் காட்டினாள். "அங்கதான் நம்ம அடுப்பு இருந்துச்சு."

நான் தனியாகப் போனேன். கேண்டீன் சுத்தமாக இருந்தது, சாயாவும் நன்றாகவே இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அந்தக் கடுப்போடு வந்து வண்டியில் ஏறினேன்.

வைற்றிலா சந்திப்பில் நெரிசல் உயிரை வாங்கியது. மதினி ஒவ்வொரு பானையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். காக்கநாடு தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. மூன்றாவது வளாகம் ஒரு செம்பாறைக் குன்று. மட்டாஞ்சேரி தண்ணீருக்குள் இருக்கிறது என்றால் இங்கே தண்ணீர்தான் இல்லை, லாரியில் வருகிறது. மாணவர் பெருகி, விடுதிக்கு இடமில்லாமல், பல்கலைக்கழகம் கடைசியில் கடலை விட்டு மேட்டுக்கு ஏறிவிட்டது. கீழே ஆய்வுக்கூடம், நடுவே வகுப்புகள், உச்சியில் விடுதிகள் எனப் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த தாழ்வாரங்களும் பெரிய பெரிய மரங்களை விட்டுவைத்த முற்றமுமாக, நான் பார்த்த புது வளாகங்களில் மனுஷர் நடமாடத் தோதாகக் கட்டியது இதுதான். இரண்டாவது விடுதி மட்டும் இன்னும் சாரத்துக்குள் நின்றது. அதன் உச்சியிலிருந்து மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ஆள் கையாட்டினான். அண்ணன்தான்.

கேண்டீன் கூடத்தில் மற்ற இரண்டு பேரும் வந்துவிட்டிருந்தார்கள். பளபளக்கும் சின்னக் கிண்ணங்கள், மேலே கறிவேப்பிலை அலங்காரம். நாங்கள் அண்டாவை உருட்டிக்கொண்டு நுழைந்ததும் கூடமே திரும்பிப் பார்த்தது. கமிட்டித் தலைவி ஒரு பேராசிரியை, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"செண்பகம், ஏழு பேருக்காக்கும் சொன்னது. இதென்ன, ஊருக்கே விருந்தா?"

"ஏழு பேருக்கு எனக்குச் சமைக்க வராது டீச்சர். வச்சுப் பாத்தேன், உப்பு கூடிப்போச்சு. நீங்க ஏழு பேரு ருசி பாருங்க. மிச்சத்த அந்த விடுதி வேலைக்காரங்களுக்குப் போட்டுக்கிடுதேன்."

கணக்குப் பிரிவு அலுவலர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். மாதிரிச் சாப்பாடு என்றால் மாதிரிதான், இது விதிக்கு ஒத்து வராது என்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது. மதினி என் முழங்கையைக் கிள்ளினாள். கடைசியில் தலைவி, "வெளியே போட்டுக்கட்டும், நமக்கென்ன" என்று முடித்துவைத்தார்.

ஏழு பேரும் ருசி பார்க்க உட்கார்ந்தார்கள். வெளியே முற்றத்தில் மதினி கரண்டியோடு நின்றாள். சாரத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அவள் ஒரு முறைதான் கையைக் காட்டினாள், வரிசை தானாக நின்றது. சோறு, சாம்பார், தோரன், மீன். கை ஒரே வேகத்தில் போய் வந்தது. நடுவில் வகுப்பு முடிந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஏதோ இலவசச் சாப்பாடு என்று நினைத்து வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் விழுந்தது. கடைசி ஆளுக்கும் சோற்றிலிருந்து ஆவி வந்தது. ஜன்னல் வழியாகத் தலைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

முடிவுக்கு நான்கு மணி வரை காத்திருந்தோம். அண்ணன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆலுவா பக்கம் நாலாவது வளாகத்துக்கு இடம் முடிஞ்சுட்டு. வர்ற மாசம் வேலை ஆரம்பம்" என்றான். பிறகு மதினியைப் பார்க்காமல், "கொட்டாய்க்குத் தகரம் சொல்லிட்டேன்" என்றான்.

மதினி வாசலில் பதித்திருந்த பளிங்குக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர். எங்கள் ஊர்க் கல்லூரியிலும் இதே மாதிரி ஒரு கல் உண்டு. அதைப் படித்துவிட்டு ஒரு கட்டடத்தையே தெரிந்துகொண்டதாக நினைத்து நான் எத்தனை ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

தலைவி வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மீன் கறி மற்றவாளோடதுதான் நன்னா இருந்தது. அதை மறைக்கப் போறதில்லை. ஆனா இங்கே முந்நூறு பேர் ஒரு மணிக்கூர்ல சாப்பிடணும். அந்த மாதிரிக் கூட்டத்தைச் சமாளிக்க முடியும்னு இன்னிக்குக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். ஒரு வருஷத்துக்குத் தரோம். மீன் கறியைக் கொஞ்சம் பாத்துக்கோங்கோ."

சாவியை வாங்கிக்கொண்டு மதினி கூடத்துக்குள் போனாள். நடுவில் நின்று ஒரு முறை மேலே மின்விசிறியைப் பார்த்தாள், கீழே தரையைப் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் வாசலிலேயே நின்றான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "அப்ப ஆலுவால எனக்கு யாரு பொங்குவா?"

"தகரம் சொன்னவரு ஆளும் சொல்லிக்கிடுங்க" என்றாள் மதினி. பிறகு குரல் இறங்கியது. "ராத்திரிக்கு வீட்டுக்குத்தான வரப் போறீங்க. ஞாயித்துக்கிழமை இங்க வாங்க. டோக்கன் எடுத்துட்டு வரிசைல நிக்கணும்."

அவன் உள்ளே வந்தான். "நீ சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட? காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அண்ணன் தொப்பியை மேசைமேல் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு தட்டை எடுத்து, அண்டாவின் அடியைச் சுரண்டிச் சோறு போட்டான். இத்தனை வருஷத்தில் அவன் கையில் கரண்டியை நான் பார்த்ததே இல்லை. சாம்பாரை ஊற்றினான், தோரனை வைத்தான், மீன் துண்டு தேடி எடுத்து வைத்தான். தட்டு கோபுரமாக நிறைந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

மதினி தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு ஆளுக்கு இவ்வளவா?"

"ஒரு ஆளுக்கு எனக்குக் கணக்கு வராதுல்லா" என்றான்.

ரயிலைப் பிடிக்க எனக்கு ஆறு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். அனில் சேட்டன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மதினி சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் அத்தனையையும் சாப்பிட்டு முடிக்கும் வரை நாங்கள் யாரும் அசையவில்லை.