முத்தம்மா பனிக்குள் போன நாள்

கல்மண்டபம் பால்வாடியில் முத்தம்மா ஆயா வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினேழு வருஷம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலை. மெஷினில் அரைபட்டு விழுகிற ஐஸை வாரி வாரிப் பெட்டியில் மீன்மேல் கொட்ட வேண்டும். அந்த வேலை போனாலும், விரல் கணுக்களில் அது கொடுத்த குடைச்சல் போகவில்லை. கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விண்விண்ணென்று தெறிக்கும்.

அப்படிப்பட்டவளிடம் டீச்சர் மோகனப்ரியா ஒரு நாள் வந்து, "ஆயாம்மா, சனிக்கிழமை நம்ம பிள்ளைங்கள பனியில வெளையாடக் கூட்டினு போறோம். ஒரு கம்பெனில பஸ்ஸு, டிக்கெட்டு எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கிறாங்க" என்றாள்.

"பனியா? இந்த வெயில்லயா?"

"பெரிய ஹால்ல மெஷின் வெச்சு கொட்றாங்களாம்."

போ என்றால் போவதுதான் முத்தம்மாவின் பழக்கம்.

சனிக்கிழமை காலையில் டீச்சருக்கு அவசர மீட்டிங் வந்துவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முத்தம்மாவும், தஸ்னீமின் அம்மா சாபிராவும் மட்டும்தான் துணை. நகரத்தின் தென்கோடிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், ஒருத்தி நிக்கரை நனைத்தாள். இறங்கும்போதே முத்தம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

உள்ளே போகுமுன் கோட்டும் பூட்சும் கையுறையும் மாட்ட வேண்டுமாம். யாரோ கழற்றிப் போட்ட கோட்டுகள், கழுத்துப்பட்டையெல்லாம் ஈரம். பன்னிரண்டாவது பிள்ளைக்கு மாட்டி நிமிர்ந்தால், முதல் பிள்ளை எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு அரைக்கை சட்டையோடு நிற்கிறான். திரும்பவும் குனிந்தாள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. தஸ்னீம் வீறிட்டுக் கத்தினாள்.

"அக்கா, இவளுக்கு ஒத்துக்கல. வெளிய வெச்சுக்கினு கீறேன், நீ பாத்துக்க" என்று சாபிரா பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாள். மீதிப் பதினோரு பேரும் முத்தம்மாவின் தலையில்.

அவர்கள் முதலில் வாசலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெகதீசன்தான் குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி மோந்து பார்த்தான். ஐந்து வயசு, அப்பா விசைப்படகில் போகிறவர்.

"ஆயா! ஐஸ்ஸு! ஆனா மீனு வாசமே வர்ல!"

அவ்வளவுதான், எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. அங்கே வேலை செய்கிற பெண் சறுக்குமரத்தைக் காட்டி எவ்வளவோ கூப்பிட்டாள். ஒருத்தரும் போகவில்லை. அவர்களுக்குத் தெரிந்த விளையாட்டு அவர்களுக்கு. இவன் வஞ்சிரம், அவள் சங்கரா. மீன் ஆனவர்கள் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் பனியை அள்ளிக் கொட்டினார்கள். முத்தம்மா கையுறைக்குள்ளும் விரல்களை மடக்க முடியாமல் சுவரோரம் நின்றாள். எப்போது நேரம் முடியும் என்பதுதான் அவள் நினைப்பெல்லாம்.

மணி அடித்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்துதான். பிலாலைக் காணோம். இரண்டு தடவை பேர் சொல்லிக் கத்தினாள்.

"டேய் ஜெகதீசா, பிலால் எங்கடா?"

"அவன பொட்டில போட்டாச்சு ஆயா" என்றான் அவன், சாதாரணமாக.

அவன் காட்டிய மூலையில் பனி மேடு ஒன்று இருந்தது. மூடிய கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. தடித்த கையுறையோடு வார வரவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் வாரினாள். பதினேழு வருஷம் வாரிய கை, பத்தே வாரலில் பையனை வெளியே இழுத்துவிட்டது.

"ஏன்டா கூப்ட்டா வாயத் தொறக்கல?"

உதடு நீலம் பாரித்திருந்தது. "செத்த மீனு பேசாது ஆயா."

அறையத்தான் கை ஓங்கினாள். விரல் ஒன்றுகூட அசையவில்லை. அப்படியே அவனைக் கோட்டுக்குள் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டீ கொடுத்தார்கள். பிலால் இரண்டு வாயில் குடித்து முடித்துவிட்டான். முத்தம்மாவால் கப்பைப் பிடிக்க முடியவில்லை. சாபிரா வாங்கி அவள் வாயில் வைத்துப் புகட்டினாள்.

"நீ குந்து அக்கா. பூட்ஸெல்லாம் நான் கயட்டறேன்."

முத்தம்மா தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. துடைக்கவும் கை வரவில்லை, விட்டுவிட்டாள்.

திரும்பும்போது டோல்கேட்டில் டிரெய்லர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள். மடியில் இரண்டு தலை, தோளில் ஒன்று.

பால்வாடி வாசலில் பிலாலின் அம்மா ஷாஸியா காத்திருந்தாள். முத்தம்மா எதையும் மறைக்கவில்லை.

"ஐஸுக்குள்ள பொதைச்சுட்டாங்கம்மா. நான் கவனிக்காம வுட்டுட்டேன். உடம்பு சுட்டா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

ஷாஸியா மகனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். முத்தம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது முத்தம்மாவுக்கு.

திங்கட்கிழமை பிலால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றான். காய்ச்சல் இல்லை.

"இன்னா ஆயாம்மா, நல்லா வெளையாண்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்த மோகனப்ரியா, முத்தம்மாவின் விரல்கள் வீங்கியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வெளையாண்டாங்க. இனிமே ஒண்டியா என்னை அனுப்பாத டீச்சர். என்னால முடியல."

முடியல என்று அந்த வேலையில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளுக்காக அவள் உரிக்க வேண்டிய முட்டைச் சட்டியை டீச்சர் தன் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தாள். முத்தம்மா சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள்.